வளர்ந்துவரும் நகரமொன்றின் நகர வடிவமைப்பு: இலக்குகளும் கொள்கைகளும் (கொழும்பு நகரம் பற்றிய ஆய்வு)

க.பொ.த. (சாதாரண தரம்) – புவியியல்

1. அறிமுகம்

மக்கள் தொகையும் கட்டிடங்களும் பெருகுவது மட்டும் நகர வளர்ச்சியாகாது. பெருகும் மக்களுக்கு வீடு, நீர், போக்குவரத்து, திறந்தவெளி, பாதுகாப்பு ஆகியன கிடைக்கும்வண்ணம் நிலத்தை ஒழுங்குபடுத்த வேண்டும். அவ்வாறு ஒழுங்குபடுத்துவதற்கான சிந்தனையே நகரத் திட்டமிடலும் நகர வடிவமைப்பும் ஆகும்.

இப்பாடத்தில் இலங்கையின் முதன்மை நகரமான கொழும்பை உதாரணமாகக் கொண்டு பின்வருவனவற்றைக் கற்போம்.

- இலக்கு, கொள்கை, கருவி ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாடு
- கொழும்பு வளர்ந்த விதமும் அதற்காக வகுக்கப்பட்ட திட்டங்களும்
- நகர வடிவமைப்பின் பிரதான இலக்குகளும் கொள்கைகளும்
- இலக்குகள் ஒன்றோடொன்று முரண்படும் சந்தர்ப்பங்கள்

மாணவர்களே, உங்களுள் சிலர் கொழும்பின் தோட்டங்களிலோ தொடர்மாடிகளிலோ வசிப்பவர்களாக இருக்கலாம். வேறு சிலர் தினமும் நெரிசலில் பஸ்ஸில் வந்து பாடசாலைக்குச் செல்பவர்களாக இருக்கலாம். ஆகவே இப்பாடத்தை உங்கள் வீதியோடும் வீட்டோடும் பொருத்திப் பார்த்துப் படியுங்கள்.

2. அடிப்படை எண்ணக்கருக்கள்

நகர வடிவமைப்பு எனப்படுவது கட்டிடங்கள், வீதிகள், நடைபாதைகள், பூங்காக்கள், நீர்நிலைகள் ஆகியன ஒன்றோடொன்று எவ்வாறு அமைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதாகும். தனியொரு கட்டிடத்தை வடிவமைப்பது கட்டிடக் கலைஞரின் பணி. கட்டிடங்களுக்கு இடையிலுள்ள வெளியையும் சேர்த்துச் சிந்திப்பது நகர வடிவமைப்பின் பணி.

பின்வரும் மூன்று சொற்களையும் தெளிவாக வேறுபடுத்தி அறிதல் அவசியமாகும்.

- இலக்கு: அடைய விரும்பும் நிலை. உ-ம்: வெள்ளப் பாதிப்புக் குறைந்த நகரம்.
- கொள்கை: இலக்கை அடைவதற்காக ஏற்றுக்கொள்ளப்படும் வழிமுறைத் தீர்மானம். உ-ம்: ஈரநிலங்களை நிரப்ப இடமளிக்காதிருத்தல்.
- கருவி: கொள்கையை நடைமுறைப்படுத்தும் சாதனம். உ-ம்: வலயமாக்கல் வரைபடம், கட்டிட அனுமதிப்பத்திரம், வரி, தண்டப்பணம்.

இலக்கு மட்டும் இருந்து கொள்கை இல்லையெனின் அது வெறும் விருப்பமாகவே இருக்கும். கொள்கை இருந்து கருவி இல்லையெனின் அது ஏட்டோடு நின்றுவிடும்.

3. கொழும்பு நகரத்தின் வளர்ச்சி

கொழும்பு துறைமுகத்தை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்த நகரமாகும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகியோர் இதனைத் தமது கரையோர ஆட்சியின் மையமாகக் கொண்டனர். ஆங்கிலேயர் காலத்தில் நகரம் வேகமாக வளர்ந்தமைக்கான காரணங்கள் வருமாறு.

1. 1867 இல் கண்டி வரை புகையிரதப் பாதை அமைக்கப்பட்டமையால் மலைநாட்டுக் கோப்பி கொழும்பை இலகுவில் வந்தடைந்தது.
2. 1875 இல் தொடங்கி 1885 இல் நிறைவு பெற்ற தென்மேற்கு அலைதாங்கியினால் பெரிய கப்பல்கள் பாதுகாப்பாகத் தரித்து நிற்க முடிந்தது. இதனால் காலித் துறைமுகத்தின் முக்கியத்துவம் குறைந்து கொழும்பு முதலிடம் பெற்றது.
3. 1865 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் மாநகர சபை உருவாக்கப்பட்டு நகர நிர்வாகம் ஒழுங்குபெற்றது.

இன்று மாநகர சபையின் நிலப்பரப்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர் ஆகும். 2012 தொகைமதிப்பின்படி இப்பரப்பில் ஏறத்தாழ 5 இலட்சத்து 61 ஆயிரம் பேர் வசித்தனர். அதாவது ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 15,000 பேர் ஆவர். இரவில் உறங்குவோர் தொகையே இதுவாகும். பகலில் தொழில், கல்வி, வைத்தியம், வியாபாரம் ஆகியவற்றுக்காக வெளியிலிருந்து வந்து செல்வோர் மேலும் பல இலட்சம் பேராவர்.

வளர்ச்சி தற்போது நகர எல்லைக்கு வெளியே நகர்ந்துள்ளது. 2012 இல் மக்கள் தொகை கூடிய மாவட்டமாகக் கொழும்பு விளங்கியது. 2024 தொகைமதிப்பில் கம்பஹா முதலிடத்தையும் கொழும்பு இரண்டாமிடத்தையும் பெற்றன. நகரின் காணி விலை உயர்வும் புறநகர் வீதி வசதியும் இதற்குக் காரணங்களாகும்.

கவனிக்க: 2012 தொகைமதிப்பின்படி இலங்கையின் நகர மக்கள் தொகை 18.2 சதவீதம் மட்டுமே. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் வசிப்போர் மட்டுமே நகர மக்களாகக் கணிக்கப்படுவதே இதற்குக் காரணம். 1987 இல் பிரதேச சபை முறை கொண்டுவரப்பட்டபோது முன்னைய பட்டின சபைகள் அவற்றுள் உள்ளடக்கப்பட்டன. இதனால் ஹோமாகம போன்று நகரத் தன்மை கொண்ட பிரதேச சபைப் பகுதிகளும் புள்ளிவிபரத்தில் கிராமமாகவே கொள்ளப்படுகின்றன. கிராமம் எனக் கொள்ளப்படும் இடத்துக்குக் கழிவுநீர்க் குழாயும் நடைபாதையும் பிந்தியே வந்துசேர்கின்றன என்பதால் இது வெறும் கணக்குப் பிரச்சினையன்று.

4. கொழும்புக்காக வகுக்கப்பட்ட திட்டங்கள்

- 1921: ஸ்கொட்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கான திட்ட அறிக்கையை வழங்கினார். கிழக்கின் பூங்கா நகரமாகக் கொழும்பை ஆக்குவது அவரது நோக்கமாகும்.
- 1946: நகர, நாட்டுத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது.
- 1948: பற்றிக் அபர்குரொம்பி கொழும்புப் பிராந்தியத் திட்டத்தைத் தயாரித்தார். நெரிசலைக் குறைக்க இரத்மலானை, ஹோமாகம, ராகம ஆகிய இடங்களில் துணை நகரங்களை அமைக்க அவர் ஆலோசனை கூறினார்.
- 1978: ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியுடன் கொழும்புப் பெருந்திட்டம் தயாரிக்கப்பட்டது. அதே ஆண்டில் 41 ஆம் இலக்கச் சட்டத்தின்மூலம் நகர அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டது.
- 1982: ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் புதிய பாராளுமன்றக் கட்டிடம் திறக்கப்பட்டது. நிர்வாகப் பணிகளைக் கொழும்பிலிருந்து பரவலாக்குவதில் இது முக்கிய படியாகும்.
- 2016: மேல் மாகாணம் முழுவதையும் ஒரே நகரப் பிராந்தியமாகக் கருதும் மேல் மாகாண மாநகரப் பெருந்திட்டம் வெளியிடப்பட்டது.

இத்திட்டங்கள் பெரும்பாலானவற்றில் மத்திய நகரின் சுமையைக் குறைத்தல், நீர்நிலைகளையும் பசுமையையும் பேணுதல் ஆகிய எண்ணங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். திட்டம் தீட்டுவதில் கொழும்பு பின்தங்கவில்லை. தீட்டியதை இடையறாது நடைமுறைப்படுத்துவதிலேயே குறை காணப்படுகின்றது.

5. பிரதான இலக்குகளும் கொள்கைகளும்

5.1 அனைவருக்கும் தகுந்த உறைவிடம்

கொழும்பில் குறைவசதிக் குடியிருப்புகள் இருவகைப்படும். முதலாவது, பழைய முடுக்கு வீடுகளும் தோட்ட லயன்களும் ஆகும். இவை துறைமுக, களஞ்சிய, ஆலைத் தொழிலாளருக்காக அமைக்கப்பட்டவை. இரண்டாவது, கால்வாய்க் கரை, புகையிரதப் பாதையோரம் போன்ற அரச காணிகளில் அமைந்த குடிசைகளாகும்.

இவை தொடர்பாகக் கையாளப்பட்ட கொள்கைகள் காலத்துக்குக் காலம் மாறியுள்ளன.

- 1973 ஆம் ஆண்டு வீடமைப்பு ஆதன உச்சவரம்புச் சட்டத்தின்மூலம் வாடகைக் குடியிருப்பாளர் பலர் தாம் வசித்த வீட்டின் உரிமையைப் பெற்றனர்.
- 1984 இல் ஆரம்பமான பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டத்தில் மக்கள் தமது வீட்டைத் தாமே கட்டி மேம்படுத்தக் கடனும் ஆலோசனையும் வழங்கப்பட்டன.
- 2001 இல் பொரளைப் பகுதியில் சஹஸ்புர தொடர்மாடி திறக்கப்பட்டது. குடியிருப்பாளரைத் தொடர்மாடிக்கு மாற்றி, விடுபட்ட காணியை வேறு அபிவிருத்திக்குப் பயன்படுத்தும் கொள்கையின் தொடக்கம் இதுவாகும்.
- 2010 இன் பின்னர் நகர மீளுருவாக்கத் திட்டத்தின்கீழ் இம்முறை பெருமளவில் விரிவுபடுத்தப்பட்டது.

தொடர்மாடியினால் ஏற்படும் நன்மைகள்: நிலையான கூரை, தனி மலசலகூடம், குழாய் நீர், வெள்ளத்திலிருந்து பாதுகாப்பு.

பிரச்சினைகள்: வீட்டுப் பரப்பின் சிறுமை, மின்தூக்கிப் பராமரிப்பு, மாதாந்தக் கட்டணச் சுமை, வீட்டு வாசலில் உணவுப் பண்டம் விற்றும் தையல் செய்தும் பிழைத்தோரின் வருமான இழப்பு. வீட்டை மாற்றும்போது தொழிலும் பாடசாலையும் அயலவர் உறவும் மாறுகின்றன. எனவே இடமாற்றுவதற்கு முன் மக்களின் கருத்தைக் கேட்டறிவதும் இயன்றளவு அண்மையிலேயே வீடு வழங்குவதும் சிறந்த கொள்கையாகும்.

5.2 வெள்ளப் பாதுகாப்பும் ஈரநிலப் பேணலும்

கொழும்பு களனி கங்கையின் வெள்ளச் சமவெளியை அண்டியது. தரை தாழ்வானதாகையால் கால்வாய்களில் நீர் மெதுவாகவே ஓடும். களனி கங்கை பெருகும்போது நகர நீரை ஆற்றுக்குள் விட முடியாது. அந்நீர் வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம் போன்ற கடல்வாய்கள் ஊடாகவே வெளியேற வேண்டும். அதுவரை அந்நீரைத் தாங்கி வைத்திருப்பவை ஈரநிலங்களாகும்.

ஓர் ஈரநிலத்தை மண்ணிட்டு நிரப்பினால் அங்கு தங்கவேண்டிய நீர் மறைந்துவிடுவதில்லை. அது அயலிலுள்ள தாழ்வான வீடுகளுக்குள் புகுகின்றது. நிரப்புபவர் ஒருவர், நனைபவர் வேறொருவர் என்பதே இப்பிரச்சினையின் அடிப்படையாகும்.

- 2010 நவம்பரில் பெய்த கடும் மழையில் பாராளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியது.
- 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்துக் கொலன்னாவைப் பகுதி பெரிதும் பாதிக்கப்பட்டது.
- 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது களனியின் தாழ்நிலப் பகுதிகள் மீண்டும் வெள்ளத்துக்குள்ளாகின.

கொள்கைகள்: ஈரநிலங்களைப் பாதுகாப்பு வலயமாக்குதல், கால்வாய்களை அகலித்துத் தூர்வாருதல், நீரேற்று நிலையங்கள் அமைத்தல், பெத்தகான, தியசரு போன்ற ஈரநிலப் பூங்காக்களை உருவாக்குதல். 2018 இல் ராம்சார் சமவாயத்தின்கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாகும்.

5.3 பொதுப் போக்குவரத்தும் நடந்து செல்லும் வசதியும்

வாகனங்களை நகர்த்துவதை விட மக்களை நகர்த்துவதே போக்குவரத்துத் திட்டமிடலின் இலக்காகும். ஒரு பஸ்ஸில் செல்லும் 50 பேர் தனித்தனிக் கார்களில் செல்வராயின் அதே வீதியில் பல மடங்கு இடம் தேவைப்படும்.

தெற்கு அதிவேக நெடுஞ்சாலை (2011), கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை (2013), கொட்டாவையிலிருந்து கெரவலப்பிட்டிய வரையான வெளிச்சுற்று நெடுஞ்சாலை (2014 – 2019) ஆகியன கொழும்புக்கு வரும் நேரத்தைக் குறைத்தன. ஆயினும் நகருக்குள் நெரிசல் நீங்கவில்லை. மாலபேயையும் கோட்டையையும் இணைக்கவிருந்த இலகு புகையிரதத் திட்டத்துக்கு 2019 இல் ஜப்பானியக் கடன் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. எனினும் 2020 இல் அரசாங்கம் அதனைக் கைவிட்டது.

கொள்கைகள்: பஸ் முன்னுரிமைப் பாதை, புகையிரதச் சேவையை மேம்படுத்தல், 2019 இல் திறக்கப்பட்ட மாக்கும்புர நிலையம் போன்ற பல்வகைப் போக்குவரத்து மையங்கள், தடையற்ற நடைபாதை, சக்கர நாற்காலி ஏறத்தக்க சாய்தளம்.

5.4 திறந்தவெளியும் பசுமையும்

காலிமுகத்திடல், விகாரமகாதேவி பூங்கா, சுதந்திர சதுக்கம் ஆகியன கொழும்பின் பிரதான பொதுவெளிகளாகும். கட்டணமின்றி யாவரும் செல்லக்கூடியதாயிருத்தலே பொதுவெளியின் சிறப்பாகும். ஆனால் வட கொழும்பின் நெருக்கமான பகுதிகளில் இத்தகைய இடங்கள் குறைவு. எனவே ஒரு பெரிய பூங்காவை மட்டும் அழகுபடுத்துவதை விட ஒவ்வொரு வட்டாரத்திலும் நடந்து செல்லும் தூரத்தில் சிறு விளையாட்டிடம் அமைப்பதே சமத்துவமான கொள்கையாகும்.

5.5 கழிவு முகாமைத்துவம்

2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து அயலிலிருந்த வீடுகளை மூடியது. 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நகரம் முழுவதும் வீசிய குப்பையின் விளைவைக் கொலன்னாவையின் வறிய குடும்பங்கள் அனுபவித்தன. ஒரு நகரத்தின் வடிவமைப்பில் குப்பைக்குரிய இடம் திட்டமிடப்படாவிடின் அது அதிகாரம் குறைந்தோரின் வாசலிலேயே போய்ச் சேரும் என்பதற்கு இது துயரமான சான்றாகும்.

கொள்கைகள்: கழிவை வீட்டிலேயே தரம்பிரித்தல், சேதனக் கழிவிலிருந்து பசளை தயாரித்தல், மீள்சுழற்சி, கெரவலப்பிட்டியவில் 2021 இல் திறக்கப்பட்டது போன்ற கழிவிலிருந்து மின்னுற்பத்தி செய்யும் நிலையங்கள், பாதுகாப்பான நிலநிரப்பல்.

5.6 மரபுரிமைப் பேணல்

பழைய கட்டிடத்தை இடிக்காது புதிய தேவைக்குப் பயன்படுத்துதல் மீள்பயன்பாடு எனப்படும். கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை புனரமைக்கப்பட்டு 2011 இல் வர்த்தக நிலையமாகத் திறக்கப்பட்டமை இதற்கு நல்ல உதாரணமாகும். புறக்கோட்டையின் சந்தைத் தெருக்களும் செட்டியார் தெருவின் நகைக்கடை வரிசையும் கட்டிடமாக மட்டுமன்றித் தொழில் மரபாகவும் பேணப்பட வேண்டியவை.

6. இலக்குகளுக்கிடையிலான முரண்பாடு

நகர இலக்குகள் யாவும் எப்போதும் ஒரே திசையில் செல்வதில்லை. உயர் புள்ளி பெறும் விடைகள் இதனை எடுத்துக்காட்ட வேண்டும்.

- பொருளாதார வளர்ச்சியும் சூழலும்: 2014 இல் வேலை தொடங்கிய கொழும்புத் துறைமுக நகரம் கடலை நிரப்பிப் பெற்ற 269 ஹெக்டேயர் நிலத்தில் அமைகின்றது. முதலீடும் தொழில்வாய்ப்பும் இதன் எதிர்பார்ப்பு. கடல் மணல் அகழ்வு, கரையோர அரிப்பு, மீனவர் வாழ்வாதாரம் என்பன எழுப்பப்பட்ட வினாக்கள்.
- வீடமைப்பும் வாழ்வாதாரமும்: நல்ல வீடு கிடைத்தும் தொழில் இழந்தால் குடும்பத்தின் நிலை உயராது.
- வீதி அகலிப்பும் நடைபாதையும்: வாகனத்துக்கு இடம் கூட்டும்போது பாதசாரியின் இடமும் நிழல் மரங்களும் குறைகின்றன.

இத்தகைய சந்தர்ப்பங்களில் திட்டமிடுவோர் யாருக்கு நன்மை, யாருக்குச் செலவு என்பதை வெளிப்படையாக ஆராய வேண்டும். 1980 ஆம் ஆண்டுத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988 ஆம் ஆண்டுத் திருத்தமும் பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கோருவது இதன் பொருட்டேயாகும்.

7. பிற நகரங்களின் அனுபவம்

- சிங்கப்பூர்: 1960 இல் வீடமைப்புச் சபையை நிறுவியது. தொடர்மாடிகளோடு சந்தை, பாடசாலை, பஸ் நிலையம் ஆகியவற்றையும் சேர்த்தே அமைத்தது. 1975 இல் நெரிசல் மிக்க மத்திய பகுதிக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது.
- குரிற்றிபா (பிரேசில்): 1974 இலிருந்து பஸ்களுக்கெனத் தனிப்பாதை அமைத்து, அப்பாதைகளின் ஓரத்தில் உயர்ந்த கட்டிடங்களுக்கு அனுமதி வழங்கியது. இதனால் நிலப்பயன்பாடும் போக்குவரத்தும் இணைந்து வளர்ந்தன.

இரு நகரங்களிலும் தெரிந்தெடுத்த கொள்கை நீண்டகாலம் தொடர்ந்து பின்பற்றப்பட்டமை கவனிக்கத்தக்கது.

8. மாணவர் பொதுவாக விடும் தவறுகள்

1. இலக்கையும் கொள்கையையும் ஒன்றாக எழுதுதல். "நெரிசலைக் குறைத்தல்" இலக்கு; "பஸ் முன்னுரிமைப் பாதை அமைத்தல்" கொள்கை.
2. இடப்பெயரோ ஆண்டோ இன்றிப் பொதுவாக எழுதுதல்.
3. ஒரு திட்டத்தின் நன்மையை மட்டும் எழுதிப் பாதிப்பைத் தவிர்த்தல்.
4. கொழும்பு மாநகர சபையையும் கொழும்பு மாவட்டத்தையும் குழப்பிக்கொள்ளுதல்.

9. மாதிரி வினாவும் விடையும்

*(அ) கொழும்பில் ஈரநிலங்களைப் பேணுவதன் முக்கியத்துவம் இரண்டு தருக. (02 புள்ளிகள்)*

- மழைநீரைத் தற்காலிகமாகத் தேக்கி வெள்ளத்தைக் குறைத்தல்.
- நகர வெப்பத்தைத் தணித்துப் பறவைகள் முதலிய உயிரினங்களுக்கு வாழிடம் அளித்தல்.

*(ஆ) 1948 ஆம் ஆண்டுத் திட்டத்தில் துணை நகரங்களாகப் பிரேரிக்கப்பட்ட இடங்கள் மூன்றைக் குறிப்பிடுக. (03 புள்ளிகள்)*

- இரத்மலானை, ஹோமாகம, ராகம.

*(இ) குறைவசதிக் குடியிருப்பாளரைத் தொடர்மாடிக்கு மாற்றும் கொள்கையை மதிப்பிடுக. (05 புள்ளிகள்)*

இக்கொள்கையினால் குடும்பங்கள் நிலையான வீட்டையும் குழாய் நீர், மலசலகூட வசதிகளையும் பெறுகின்றன. கால்வாய்க் கரைகள் விடுபடுவதால் வெள்ளக் கட்டுப்பாட்டுப் பணிகளும் இலகுவாகின்றன. விடுபட்ட காணி வர்த்தக அபிவிருத்திக்குப் பயன்படுகின்றது. மறுபுறம் வீட்டை அண்டிய சிறுதொழில்கள் பாதிக்கப்படுகின்றன. பராமரிப்புக் கட்டணமும் சுமையாகின்றது. ஆகவே வீட்டோடு தொழில், பாடசாலை வசதிகளையும் உறுதிசெய்து, மக்களின் பங்களிப்புடன் நிறைவேற்றும்போதே இக்கொள்கை வெற்றிபெறும்.

10. பயிற்சி வினாக்கள்

1. இலக்கு, கொள்கை, கருவி ஆகியவற்றை உதாரணத்துடன் வேறுபடுத்துக.
2. ஆங்கிலேயர் காலத்தில் கொழும்பு வளர்ச்சியடைந்தமைக்கான காரணங்கள் மூன்றை விளக்குக.
3. இலங்கையின் நகர மக்கள் தொகை புள்ளிவிபரத்தில் குறைவாகக் காணப்படுவதேன்?
4. மீதொட்டமுல்லை அனர்த்தத்திலிருந்து நகரத் திட்டமிடுவோர் கற்கவேண்டிய பாடங்கள் இரண்டைக் கூறுக.
5. செயற்பாடு: உங்கள் வீட்டிலிருந்து பாடசாலை வரையான பாதையின் பரும்படிப் படமொன்றை வரைக. நடைபாதை அற்ற இடங்கள், நீர் தேங்கும் இடங்கள், குப்பை கொட்டப்படும் இடங்கள், நிழல் தரும் மரங்கள் ஆகியவற்றை அதில் குறித்துக் காட்டுக. அப்பாதைக்கு ஓர் இலக்கையும் அதனை அடைவதற்கான இரு கொள்கைகளையும் எழுதுக.